நான் பார்க்காத உப்பு

ரெஜினா போய்விட்டாள் என்ற செய்தியை எனக்குச் சொன்னவள் என் நாத்தனார் நூர்ஜகான். கேளம்பாக்கத்தில் எங்கள் பள்ளியில் காலை மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நான் ஆசிரியர் அறையில் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நூர்ஜகான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, லேப் ரெஜினா டீச்சர் போய்ட்டாங்களாம். கோவளத்துல பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தவங்க அப்படியே கீழ உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்" என்றாள். நான் சிவப்புப் பேனாவை மூடினேன். மரணச் செய்தி கேட்டால் ஓத வேண்டியதை ஓதியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "ஏமாத்திட்டாளே பாவி!" என்றேன். அறையில் இருந்தவர்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். அழுகைதான், ஆனால் அது மட்டும் இல்லை.

இதை எழுதச் சொன்னவள் ரெஜினாவின் மகள் ஷாரன். "ஈஸ்டர் மத்தியானம் வழக்கம்போல எல்லாரும் வரட்டும்னு அப்பா சொல்றாரு ஆன்ட்டி. அம்மா இல்லன்னு நிறுத்த வேணாமாம். சாப்பாட்டுக்கு முன்னாடி அம்மாவைப் பத்தி நீங்க எழுதிக் குடுங்க, நான் படிக்கிறேன்" என்றாள். எனக்கு நல்லதை மட்டும் பொறுக்கி எழுத வராதம்மா என்று முன்கூட்டியே சொன்னேன். "தெரியும் ஆன்ட்டி. அம்மாவே சொல்லுவாங்க" என்றாள். ஆகவே இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பதினாறு வருஷம் வாடி போடி என்று பேசியவளுக்குச் செத்த பிறகு என்ன மரியாதை?

நான் தமிழாசிரியையாகச் சேர்ந்த இரண்டாம் நாள், ஆய்வகத்திலிருந்து முட்டை வேகும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். புதுக் கண்ணாடிக் குவளைகள் மூன்றில் முட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆய்வக உதவியாளர் ரெஜினா ஸ்டூல் மேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சர் பாக்கறீங்க? பாட்டிலுக்குள்ள முட்டை தானா எறங்கறத பிள்ளைங்களுக்குக் காட்டணும். அதுக்கு வெந்த முட்டை வேணும்" என்றாள். அதற்கு ஒன்று போதுமே, பத்து எதற்கு என்றேன். "ஒண்ணு பாட்டிலுக்கு. ஒன்பது நமக்கு." உரித்த முட்டையை இடது கையில் வைத்து, வெள்ளை நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இழுத்தாள். முட்டை இரண்டாகப் பிரிந்தது. மஞ்சள் கரு கத்தியில் ஒட்டுவதுபோல் ஒட்டவே இல்லை. "கத்தி முட்டைய நசுக்கும் டீச்சர். நூலு சண்டை போடாம அறுக்கும்" என்றாள். அன்றைக்கு நாங்கள் ஆளுக்கு நாலரை முட்டை தின்றோம். மறுநாளே டீச்சர் போய் டி வந்துவிட்டது.

அந்த நூல் வேலை எதற்காக அவள் கையில் அவ்வளவு பழகியிருந்தது என்பது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, அவர்கள் சொல்லும் பெரிய சனியன்று, இந்த வீட்டுச் சமையலறையில் தெரிந்தது. ஈஸ்டர் மத்தியானம் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கொடுக்கும் அடைத்த முட்டையை உங்களுக்குத் தெரியும். அறுபது முட்டை, நூற்றிருபது பாதிகள். மஞ்சள் கருவை வழித்தெடுத்து, வதக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, கொத்தமல்லி போட்டுப் பிசைந்து, மறுபடி வெள்ளைக்குள் குவித்து வைப்பாள். அதோடு நிறுத்தினால் அது யார் வேண்டுமானாலும் செய்கிற முட்டை. ரெஜினா அதில் சென்னாக்குனியை வறுத்துப் பொடித்துப் போடுவாள். அந்தப் பொடி இறாலைக் காயவைக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு உப்புப் போடுகிறார்கள். அதனால் கரண்டிக் கணக்கில் உப்புப் போட முடியாது. யாராவது வாயில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

யார் பார்ப்பது? அதுதான் சிக்கல். தவக்காலம் நாற்பது நாளும் இந்த வீட்டில் ஒருசந்தி. கறியும் முட்டையும் வாசலைத் தாண்டாது. சமைக்கிறவள் ஈஸ்டர் விடியும்வரை ருசி பார்க்கக் கூடாது, வீட்டுக்காரர் பார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டிலும் இதே கதை. "அதுக்குத்தாண்டி உன்ன கூட்டினு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே ஒரு கரண்டியை என் முன் நீட்டினாள். நான் வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கம்மி என்றேன். போட்டாள். இன்னும் கொஞ்சம் என்றேன். போட்டாள். போதும் என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸானவள் மாதிரி இருந்தது. மறுநாள் முட்டையைக் கடித்துவிட்டு யார் பாராட்டினாலும் ஒரே பதில்தான்: "எனக்கு இன்னா தெரியும்? ஜமீலா தான் உப்பு பாத்தா." பதினோரு ஈஸ்டருக்கு இந்த வார்த்தையைச் சொன்னாள். பதினோரு முறையும் எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு கிறிஸ்தவப் பண்டிகையின் ருசி என் நாக்கில் இருந்தது என்றால் சும்மாவா?

அவள் நல்லவள் இல்லை என்று சொல்ல வரவில்லை. செங்கல்பட்டில் எனக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த ஒன்பது நாளும் பள்ளி விட்டதும் இரண்டு பஸ் மாறி வந்தாள். ரசம் சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து, "தின்னுடி, இல்லன்னா உன் வூட்டுக்காரர வேற கல்யாணம் பண்ணச் சொல்லிடுவேன்" என்று மிரட்டி ஊட்டிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரி அவளை என் கூடப் பிறந்தவள் என்றே நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். பன்னிரண்டாம் வருஷம் அது நகர்ந்து வந்து ஈஸ்டர் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பெரிய சனியன்று எனக்கும் நோன்பு, அவளுக்கும் ஒருசந்தி. ஆனாலும் முட்டை உரிக்கவும் நூல் பிடிக்கவும் வந்தேன். தெருக்கோடியில் யாரையாவது உப்புப் பார்க்கக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "வேணாண்டி. இத்தினி வருஷம் பாத்த நமக்குக் கண்ணு பாத்தாலே தெரியாதா?" என்றாள். எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. சரி என்றேன்.

வாசலில் யாரோ கூப்பிட, அவள் வெளியே போனாள். பிசைந்து வைத்ததைப் பார்த்தேன். உப்புப் போட மறந்துவிட்டாள் என்று தோன்றியது. வழக்கமாகப் போடும் அளவை நானே போட்டுக் கலந்தேன். அவள் திரும்பி வந்தாள். எனக்கு அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும்போல அவளே துவைத்த சேலை ஒன்றை உள்ளறையில் விரித்துக் கொடுத்தாள். நான் தொழுதுகொண்டிருந்தபோது, ஜமீலா என்னை நம்பி உப்பை விட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அவளும் போட்டுவிட்டாள். நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. வாய் வைக்க முடியாத இரண்டு பேர் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்ட கூத்து இவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் முதல் தட்டு வெளியே போனதும் கூடத்தில் பேச்சு நின்றது. ரெஜினா ஓடிவந்து பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்துப் பார்த்தாள். "நீ போட்டியாடி?" "போட்டேன். நீ?" "ஐயோ, நானுந்தாண்டி போட்டேன்!" சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். என்ன நடந்தது என்பது அவளுக்கு அப்போதே முழுசாகத் தெரியும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். எங்கள் தலைமையாசிரியை பெரிய டீச்சர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா ரெஜினா, எதிர்ல இருக்கற கடல அப்படியே மொண்டு ஊத்திட்டியா?" என்று கேட்டார். எல்லாரும் ரெஜினாவைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள்: "எனக்கு இன்னா தெரியும் டீச்சர்? நாப்பது நாளா நான் முட்டைய வாயில வெக்கல. ஜமீலா தான் உப்பு பாத்தா."

கூடமே சிரித்தது. யாரோ, ஜமீலா டீச்சருக்கு நாக்கு செத்துப்போச்சு என்றார்கள். நூர்ஜகான் மட்டும் சிரிக்கவில்லை. பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவள், நோன்போடு அந்த ஜன்னலோர நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ரெஜினாவைப் பார்த்தேன். ரெஜினா காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அவளே திரும்பி வந்து, சும்மா சொன்னேன், அவ நோன்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று நின்றேன். சாப்பாடு முடிந்து கை கழுவும்வரை நின்றேன்.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. நோன்பு திறந்து தொழுது முடித்ததும் மாமியார் கூப்பிட்டார். "நாக்குல வெச்சு துப்பினியா, முழுங்கினியா?" வாயிலேயே வைக்கவில்லை மாமி என்றேன். "நீ பாத்தேன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சாமே. அது ஏன் பொய் சொல்லணும்?" அதையேதான் நானும் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "ஒரு நோன்பு தானே ஜமீ. பெருநாள் கழிச்சு ஒண்ணு களா புடிச்சுடு. அம்மாவுக்கு நிம்மதி." விட்ட நோன்புக்குப் பதிலாகப் பிடிப்பதுதான் களா. நான் விடவே இல்லை. விடாத நோன்புக்குக் கத்திரி வெயிலில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். ஓட்டையே இல்லாத குடத்துக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. அப்படிப் பிடித்ததே நான் செய்த பெரிய முட்டாள்தனம். செய்யாதவள் ஏன் களா பிடிக்கிறாள் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரமலானிலும் கஞ்சி இறக்கும்போது, உப்பு பாக்க ஜமீலாகிட்ட குடுங்க, அவ பாப்பா என்று ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பது வழக்கமாயிற்று. கேலிதான். கேலி என்று தெரிந்தும் நான் கஞ்சிச் சட்டியை விட்டுத் தள்ளிப் போய் நிற்பேன்.

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வகத்தில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் நிஜமாகவே பதறினாள். "வருஷா வருஷம் சொல்ற வார்த்தைடி. பழக்கத்துல வாயில வந்துடுச்சு. சத்தியமா நெனச்சு சொல்லல." அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அப்படியென்றால் நூர்ஜகானிடம் போய் ஒரு வார்த்தை சொல்லு என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். "இப்போ போய் சொன்னா ஈஸ்டர் அன்னிக்குப் பொய் சொன்னவன்னு ஆயிடுமேடி. அடுத்த ஈஸ்டருக்கு எல்லாரும் வருவாங்க இல்ல, சிரிப்போட சிரிப்பா சொல்லிடறேன்" என்றாள். அவளுக்கு வெட்கம். எனக்கு மானம். வெட்கம் ஜெயித்தது.

அடுத்த ஈஸ்டருக்கும் நோன்போடு வந்தேன், அந்த ஒரு வார்த்தையைக் கேட்க. அந்த வருஷம் சென்னாக்குனி இல்லாமல், அளவுக் கரண்டியில் உப்புப் போட்டு, யாரும் பார்க்கத் தேவையில்லாத முட்டையைச் செய்திருந்தாள். நூர்ஜகான் அதே நாற்காலியில் இருந்தாள். பெரிய டீச்சர் இருந்தார். பாயசம்வரை வந்தாயிற்று. சமையலறையில் அவள் கையைப் பிடித்து, எப்போ சொல்லப் போற என்றேன். "யாரும் அதப் பத்திக் கேக்கலையேடி. எல்லாரும் மறந்துட்டாங்க. நீ ஏன் கிளறிகினு கீற?" என்றாள். நான் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பிறகு இந்த வீட்டு வாசல்படி ஏறவில்லை. பள்ளியில் ஒரே மேசையில் உட்கார்ந்து தேர்வு நேரப் பட்டியலைப் பற்றி மட்டும் பேசினோம்.

என் மாமியார் ஒன்றரை வருஷம் முன்னால் மவுத்தானார். மருமகள் கிறிஸ்தவர் வீட்டில் நோன்பை முறித்தவள் என்று நம்பிக்கொண்டே போனார். ரெஜினா வந்திருந்தாள். மையித்தின் கால்மாட்டில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நூர்ஜகான் பக்கத்திலேயே இருந்தாள். இப்போதாவது சொல்லுவாள் என்று நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையை அழுத்திவிட்டுப் போனாள். சொல்லவில்லை. அதற்கும் மேலே, போன ஈஸ்டருக்கு உப்புப் பார்க்க அவள் யாரைக் கூப்பிட்டாள் தெரியுமா? நூர்ஜகானை! என்னைப் பற்றிக் கதை கொண்டுபோனவளின் நாக்கை என் நாக்கு இருந்த இடத்தில் வைத்தாள். அதைக் கேள்விப்பட்ட அன்று வகுப்பில் ஒரு காரணமும் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி நிற்க வைத்தேன். பிள்ளைகளே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அவள் என்னிடம் மனம்விட்டுப் பேசியது இந்த வருஷம் சாம்பல் புதனன்று. நெற்றியில் சாம்பலோடு என் மேசைக்கு வந்தாள். மறுநாள் எனக்கு முதல் நோன்பு. "பாத்தியாடி, இந்த வருஷம் ரெண்டு பேரும் சேந்தே ஆரம்பிக்கிறோம். உனக்கு முன்னாடியே முடிஞ்சுடும். பெரிய சனிக்கு வந்துடு. சென்னாக்குனி போடறேன், நீ வந்து உப்பு பாரு. ஞாயித்துக்கெழம எல்லார் எதிர்லயும் நானே சொல்லிடறேன்" என்றாள்.

"முதல்ல சொல்லு. அப்புறம் வரேன்."

"நீ வந்தா தானேடி சொல்ல முடியும்?"

"நீ சொன்னா தான் வருவேன்."

"பேஜாரு புடிச்சவளே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்று முறை ஏமாந்தவள் நான்காம் முறையும் ஏன் நம்ப வேண்டும்? ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே சொல்லியிருப்பாளோ என்ற கேள்வியை அவள் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். பெருநாள் கழிந்த எட்டாம் நாள் செத்துப்போனாள். கோவளம் கல்லறையில் எல்லாரும் மண்ணள்ளிப் போட்டார்கள். நானும் போட்டேன். அந்தச் சமையலறையில் நடந்ததைப் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். என் சாட்சியை என் கையாலேயே மூடிவிட்டு வந்தேன்.

நேற்று ஷாரன் கூப்பிட்டாள். மூன்று வருஷம் கழித்து இந்தப் படி ஏறினேன். அவள் அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஷாரன் கத்தியால் வெட்டி நாலு முட்டையை நாசம் பண்ணியிருந்தாள். உங்கம்மா நூல் எங்கே என்றேன். பழைய பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை நூல் கண்டு, முனையில் அவள் பல் பட்டுப் பிரிந்த பிசிறு அப்படியே இருந்தது. நான் அதைக் கடித்துக்கொண்டு அறுபது முட்டையையும் அறுத்தேன். அழுதேன், திட்டினேன், அறுத்தேன். சென்னாக்குனியை வறுத்துப் போட்டுப் பிசைந்ததும் ஷாரன் அவள் அம்மா மாதிரியே ஒரு கரண்டியை என் முன் நீட்டினாள்.

அந்த நூல் கண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இனி அது என்னிடம் இருக்கும். பெரிய சனிதோறும் இந்த வீட்டுக்கு அதோடு வருவேன். கோபத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டுத் தீர்க்க வேண்டியவள் இல்லை, வேறு யாரிடமும் அதைத் தர மனமில்லை. அவள் ஊட்டிய ரசம் சாதத்தையும் அதோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

ஷாரன், நீ இதைப் படிக்கும்போது நான் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பேன். உன் அம்மா இந்தக் கூடத்தில் சொல்ல வேண்டியதை நீ சத்தமாகப் படித்துவிடு. நூர்ஜகான், நீயும் கேள்.

அன்றைக்கு ஜமீலா உப்புப் பார்க்கவில்லை. அவளுக்கு நோன்பு.

நேற்றுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.